வெளியே சென்றார், 11:40

குறிப்பெடுப்பது என் வேலை.
எந்த எண், எத்தனை மணி, என்ன மதிப்பெண்.
ரெஜைனாவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அறுபத்து நான்கு விண்ணப்பம், ஐந்து நடுவர்,
ஐவரில் ஒருவர் யூனிஸ் கீவாட்டின்.
அந்தக் குடும்பப்பெயருக்கு வாடைக்காற்று என்று பொருளாம்.
அவரே சொன்னார்,
பழைய ஜன்னலின் இடுக்கில்
தன் சால்வையைத் திணித்தபடி.

பதினேழு:
ஹாக்கி முகக்கவசத்தில் மணி கோக்கும் பையன்.
விண்ணப்பதாரரைத் தெரியுமா?
கேட்பது நானல்ல, படிவம்.
"என் பெரியம்மா பேரன்."
பெரியம்மாவுக்கெல்லாம் அதில் இடமில்லை,
'உறவினர்' என்று ஒரே ஒரு கட்டம்.
டிக் அடித்தேன். சால்வையை உருவிக்கொண்டு
எழுந்து போனார்.

இருபத்து மூன்று:
பனிவண்டி எஞ்சின்களை வைத்து இசை செய்பவள்.
கதவருகே நின்றே சொன்னார்:
"இவள் அம்மாவும் நானும் ஒரே விடுதிப் பள்ளி.
அங்கே அவள் நாற்பது, நான் நாற்பத்தொன்று.
பெயர் கூப்பிட மாட்டார்கள்."
யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.
நான் 'மற்றவை'யில் டிக் அடித்தேன்.

விண்ணப்பம் நாற்பத்தொன்று வந்தபோது
எண்ணைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.
திரையைப் பார்த்தார். அவராகவே போனார்.

மீதி நால்வர் பேசினார்கள்.
முகக்கவசம் கைவினைப் பிரிவுக்குப் போகலாமே என்றார் டாலஃப்சன்.
எஞ்சினில் மரபு எங்கே என்றார் ஒருவர்.
நாற்பத்தொன்றில் மரபு கொஞ்சம் தூக்கல் என்றார்
அதே ஒருவர்.
நான்கு, நான்கு, மூன்று, ஐந்து.
எழுதினேன்.

ஐம்பத்தாறாவது ஆள்
டாலஃப்சனின் பழைய மாணவன்,
அவர் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தவன்.
"வாடகை ஒழுங்காகக் கொடுத்தான்" என்றார். சிரிப்பு.
ஐந்தாண்டு கடந்தால்
விதிப்படி பழக்கம் பழக்கமல்ல.
உட்கார்ந்திருந்தார். ஏழு போட்டார்.

தாழ்வாரத்தில், சிப்ஸ் இயந்திரத்தின் வெளிச்சத்தில்,
யூனிஸ் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
முடிந்ததா என்று கேட்கவில்லை.
"தெரிந்தவள் வேண்டும் என்றுதானே கூப்பிட்டீர்கள்" என்றார்,
இயந்திரத்திடம் சொல்வதுபோல.
அதற்கு என்னிடம் பத்தி இல்லை.

ஆண்டறிக்கைக்கு ஒரு கேள்வி வரும்:
குழுவில் பூர்வகுடிப் பிரதிநிதி இருந்தாரா?
ஆம். ஐந்தில் ஒன்று. இருபது விழுக்காடு.
எவ்வளவு நேரம் என்று
யாரும் கேட்பதில்லை.

சால்வை போன இடுக்கின் வழியே
அன்று முழுக்க வாடை வந்தது.
மதிப்பெண் தாள்கள் பறந்தபடி இருந்தன.
"அதை யாராவது அடையுங்களேன்" என்றார் டாலஃப்சன்.
கைக்கு எட்டியது விதிமுறைக் கையேடுதான்.
நான்காக மடித்துச் செருகினேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.