சோதித்தவர்

பேகானி நீட்டிய சீட்டில் எடை: 0.
"காலி வண்டி என்றால்
மேட்டில் எதற்கு இரண்டு டயர் வெடித்தது?"
கேட்டுவிட்டு
லாரி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெருலத்தில் அன்று மின்வெட்டு நான்காம் நிலை.
நாலு மணிக்குப் போய் ஆறரைக்கு வந்தது.
ஆலையின் எடைமேடைக் கணினி
அணைந்து எழுந்தபோது
கடைசி எட்டு வண்டிகளுக்கும் கோப்பு இருந்தது,
பெயர் இருந்தது, நேரம் இருந்தது.
உள்ளே சுழியங்கள்,
கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி.

டிஸ்க் நல்ல டிஸ்க். ஒயரும் நல்ல ஒயர்.
கர்னல் மட்டும் போன மாதம் மாறியது.
பழையதை ஏற்றிப் பிளக்கைப் பிடுங்கினேன், எடை நின்றது.
புதியதில் பிடுங்கினேன், சுழியம்.
நடுவே நாலாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள்.

பாதியில் வெட்டு. கட்டு. ஏற்று. எழுது. பிடுங்கு.
எடைச்சீட்டின் முதுகில் குபாஷ்ணி
நல்லது, கெட்டது என்று குறித்துக்கொண்டே வந்தாள்.
ஐந்தாம் சுற்றில் ஒரே தரம் பிடுங்கிவிட்டு
நல்லது என்றேன், சோம்பலில்.
அந்த ஒரு சொல்
எங்களைத் தப்பான பாதிக்குள் கூட்டிப்போய்
விடியும்வரை அலையவிட்டு
ஏதோ ஒரு சவுண்டு கார்டின் திருத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.
கூரைமேல் ஹடேடாக்கள் கத்தின.
மறுபடி ஐந்திலிருந்து.
இந்த முறை சுற்றுக்குப் பத்துப் பிடுங்கல்.
விரல் நுனியில் பிளக்கின் கறுப்பு.

பன்னிரண்டுக்குப் பிறகு வெட்டப் பாதி இல்லை.
மூன்று வரி நீக்கம், அவ்வளவுதான்.
டிஸ்க்குக்குத் தலையாட்டும் பழக்கம் உண்டு.
கையில் வாங்கியதையே
எழுதிவிட்டேன் என்று சொல்லும்.
நிஜமாகவா என்று
யாரோ எப்போதோ வைத்த இரண்டாவது கேள்வி
அந்த மூன்று வரி.
"தேவையற்ற காத்திருப்பு.
நீக்கினால் வேகம் ஏழு சதவீதம் கூடுகிறது."

எவன் இவன் என்று கீழே இறங்கினேன்.
எழுதியவர், முகம் தெரியாத ஒருவர்.
சரிபார்த்தவர், இன்னொருவர்.
சோதித்தவர் என்ற இடத்தைக்
குபாஷ்ணிதான் வாய்விட்டு வாசித்தாள்,
என் பெயரை,
முதலெழுத்தோடு.

பிப்ரவரி. நினைவிருக்கிறது.
அந்த வாரம் மின்வெட்டே இல்லை.
தேநீர் ஆறுவதற்குள் அடித்து அனுப்பினேன்,
இங்கே ஒழுங்காக ஓடுகிறது என்று.
இங்கே என்று வேறு.

மூன்று வரியையும் இருந்த இடத்தில் வைத்தேன்.
காரணத்தைப் பூசி மெழுகாமல் எழுதினேன்.
தெரிவித்தவர் என்ற இடம் காலியாக இருந்தது.
காலையில் மறுபடி வந்திருந்தான் பேகானி.
பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
"எதற்கு, போலீசுக்கா?" என்றான்,
ஆனாலும் சொன்னான்.

எட்டு எடையும் திரும்பவில்லை.
அந்தக் கரும்பு நேற்றிரவே அரைபட்டுவிட்டது.
மேலாளரைக் கைப்பிடித்து இழுத்துப்போய்
நுழைவாயில் மண்ணில்
டயர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று
குனிந்து, விரல் விட்டு
அளந்து காட்டிக்கொண்டிருக்கிறான்.