பின்னட்டை

முக்கொம்பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கனஅடி என்று
ஆட்டோ மைக் கத்திவிட்டுப் போன மத்தியானம்
எனக்குக் கேட்டது மணிக்கணக்கு மட்டும்தான்.
அங்கே திறந்தால்
எங்கள் திட்டுக்கு வந்துசேர முப்பது மணி நேரம்.
சேதி வருவதற்குள்ளேயே அதில் நாலு போயிருந்தது.

அரிசி மூட்டை அறுபத்திரண்டு.
பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினோம்.
பாமாயில் பாக்கெட் மிதக்கும்க்கா, கிடக்கட்டும் என்றான் கலியமூர்த்தி.
மிதந்து போனதற்குக் கையெழுத்துப் போடுவது யார்?
ஏற்றுடா என்றேன்.

கைரேகை மெஷினில் சிக்னல் இல்லை.
இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி அதையும் தூக்கி வைத்துவிட்டு
பழைய அட்டைதாரர் நோட்டை எடுத்தேன்.
எந்த வீட்டில் எத்தனை வாய் என்று
இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு
கொள்ளிடத்துக்கும் தெரியாது.
அதனால்தான் வி.ஏ.ஓ. கடை வாசலில் வந்து நின்றார்:
முதலில் யாரை ஏற்றுவதும்மா?

தையல்நாயகியை. ஒன்பதாம் மாசம்.
சௌரிராஜனை. செவ்வாய் வெள்ளி டயாலிசிஸ்.
ஜுலைகா பீவியின் மாமனாரைக் கட்டிலோடு தூக்க வேண்டும்,
நாலு ஆள், திருப்பத்தில் ஐந்து.
மாட்டை விட்டு வீரையன் வரமாட்டான்
ஆகவே முதலில் மாட்டை ஓட்டுங்கள்,
பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.
சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டு.
போன தடவை ஒன்று பழையாறு வரைக்கும் போய்
எவன் வலையையோ கிழித்தது.
பத்திரம், பாஸ்புக், பிள்ளையின் மார்க் ஷீட்
இட்லிக் குண்டானுக்குள் வைத்து மூடிப் பரணில் ஏற்று.
ஆட்டின் கயிற்றை அறுத்து விடு,
முளைக்குச்சியோடு எதுவும் நீந்தாது.
மெயின் ஸ்விட்ச்.
மெயின் ஸ்விட்ச் என்று மூன்று தெரு.

ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினாலு கார்டு, அறுநூற்றுத் தொண்ணூற்றோரு தலை.
செத்தும் கார்டில் சாகாதவர்கள் மூன்று பேர்.
திருப்பூரில் இருப்பவர்கள் எழுபத்து நாலு.
கழித்தால் அறுநூற்றுப் பதினாலு.
சரியாகத்தான் கழித்திருந்தேன்.

பம்ப்செட்டில வடக்கத்தி ஆளுங்க இருக்காங்களேக்கா
என்றான் கலியமூர்த்தி, வாயில் பன்னோடு.

நடவுக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.
படுகையிலேயே பள்ளமான இடத்தில் அவர்கள் கொட்டகை.
டார்ச்சோடு ஓடினேன்.
தண்ணீர் என்றேன், தமிழில்தான்.
முழங்காலைக் காட்டி, இடுப்பைக் காட்டி,
கழுத்தில் கை வைத்தபோது
நிமாய் என்கிற பையன் என் டார்ச்சை வாங்கி
மேலே அடித்துக் காட்டினான்.

உத்தரத்தில் பதினோரு மூட்டை.
அரிசி டிரம்மின் வாயில் டயர் டியூப் இழுத்துக் கட்டியிருந்தது.
பின்பக்கம் ஏழு வாழைத்தண்டு, மூங்கில் குத்திச் சேர்த்த தெப்பம்.
மைக் வருவதற்கு முன்னாலேயே
ஆற்றின் நிறத்தைப் பார்த்திருக்கிறார்கள்.
எங்கே படித்தாய் என்று கேட்கத் தெரியவில்லை எனக்கு.
கேட்டது போல அவன் மூன்று விரலைக் காட்டி
வீடு போல இரண்டு கையையும் குவித்து
சிலேட்டைத் துடைப்பது மாதிரி துடைத்தான்.

எப்போது என்று மணிக்கட்டைத் தட்டினான்.
பத்து விரலையும் இரண்டு முறை விரித்தேன்.
வாழை வீரையன் தோட்டத்து வாழை.
நாளைக்குச் சண்டைக்கு வருவான்.
வரட்டும், வருகிற மாதிரி உயிரோடு இருக்கட்டும்.

கார்டு இல்லாதவருக்கு அரிசி அளக்க எனக்கு அதிகாரம் இல்லை.
ஆளை எண்ணுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?
நோட்டில் பக்கம் தீர்ந்திருந்தது.
பின்னட்டையில், வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் எழுதினேன்.
ஆள் பதினொன்று.
தெப்பம் ஒன்று.

தண்ணீர்
சொன்னதற்கு ஆறு மணி நேரம் முன்னால் வந்தது.