ஏழு மணிக் கூட்டம்

வடசேரியில், பேக்கரிக்கு மேல் அனிமேஷன் ஸ்டுடியோ.
ஏழு பேர், ஆறு நாற்காலி.
கதைக் கூட்டம் எப்போதும் இரவு ஏழுக்கு;
அப்போதுதான் யோசனை வரும் என்று
பைக் வைத்திருந்த நாங்கள் நம்பினோம்.

இனயத்துக்குப் பஸ் ஆறே முக்காலுக்கு.
ஷிஜிலா பையை மாட்டிக்கொண்டு
கதவருகே ஒரு நொடி நிற்பாள்.
'ஆர்வம் பத்தாது' என்று
அவள் மதிப்பீட்டுத் தாளில் எழுதியது
என் கை.

மழையில் என் பைக் படுத்த அன்று
அதே பஸ்ஸில் தொங்கினேன்
திங்கள்சந்தை வரை.
மறுநாள் கூட்டம் பதினொன்றுக்கு.

முதல் பேச்சே அவளுடையது:
"மூணாம் காட்சியில வள்ளம்
திரைக்கு வெலாவக் காட்டி நிக்குது.
அணியத்தத் திருப்புங்க அண்ணா,
இல்லேன்னா எல்லாரும் முங்கிருவாங்க."

அந்தக் காட்சி டிவியில் போய் நாலு மாசம்.

பாதிச் சம்பளம் பற்றி
அவள் இன்னும் பேசவில்லை.
நானும்தான்.