இதரச் செலவு

சிட்டையில் என் பெயர்
வாடகைக் கதிரைகளுக்குக் கீழே,
தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் மேலே.
பல்தசார் என்பதில் கடைசி எழுத்தைக் காணவில்லை.
'பியானோ, ஆறு மணித்தியாலம்.'
ஆளுக்கா வாத்தியத்துக்கா காசு என்று
கணக்குக் கிளையில் ஒருநாளும் கேட்டதில்லை.
கையெழுத்து வைக்க மட்டும் ஆள் தேவை.

கல்லடிக் காற்றில் உப்பேறிய பியானோ இது.
நடுவில் ஒரு எஃப், அழுத்தினால் எழும்பாது.
மாரி தொடங்கினால்
அயலட்டைக் கட்டைகளும் சேர்ந்து படுத்துவிடும்.
மூடிக்குள் ஈரம் காய
நாற்பது வோட் குமிழ் ஒன்று இரவுபகலாய் எரிகிறது.
படுத்த கட்டையை நகத்தால் கிளப்பிவிட்டு
அடுத்த சுரத்துக்குப் போகப் பழகிவிட்டேன்.

மூன்று நாளில் பதினொரு பேர்.
செங்கலடிப் பையன்
ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூக்கால் மூச்சிழுப்பான்,
எனக்கு அதுதான் கைகாட்டி.
கேதாரணி கண்ணை மூடினால்
வேகம் கூடப்போகிறது என்று அர்த்தம்.
பதியத்தலாவையிலிருந்து வந்த ருக்மல்
என்னோடு தமிழில்தான் பேசுவான்,
தாளத்தை மட்டும் சிங்களத்தில் எண்ணுவான்.
எக்க, தெக்க, துன.
அந்த உதட்டைப் பார்த்துத்தான் தொடங்குவேன்.
இன்னொருத்திக்குத் தடிமல்.
"மிஸ், அரைக்கட்டை இறக்குவீங்களா?"
காலை ஏழு ஐம்பதுக்கு, பரீட்சை மண்டப வாசலில் வைத்து.
இறக்கினேன்.
வீடு மாறிய முதல் இரவு
இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி
விரல்கள்.

டிலுக்சிகா வாகரைப் புள்ள.
நாலரைக்கு எழும்பி, இரண்டு பஸ்.
வயலின் பெட்டியின் பிடி அறுந்து
பழைய சீலைத்துண்டால் கட்டியிருந்தாள்.
ஒத்திகைக்கு ஒரேயொரு தரம் வந்தாள்,
அன்றைக்கும் பாதியில் கரண்ட் போனது.

இரண்டாம் பக்கத்தில்
எட்டுக் கட்டத்தை விட்டுவிட்டுத் தாண்டினாள்.
தாண்டியது அவளுக்குத் தெரியாது.
யன்னலோரம் மூன்று பரீட்சகர்கள்,
ஒருவர் பேனா மூடியைக் கடித்தபடி.
எனக்குக் கிடைத்தது அரைத் தட்டு.
இடக்கை பழைய இடத்தில் நிற்க
வலக்கை பாய்ந்தது.
ஒரு கால் தோணியில், ஒரு கால் துறையில்.
இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சுரம்
நடுவில் விழுந்தது.
எழுதியவரே எழுதிவைத்த மாதிரி
அதை அழுத்திப் பிடித்து
பெடலால் போர்த்துவிட்டேன்.
கடவுள் புண்ணியம், அந்த எஃப் வரவில்லை.
அவள் கடைசிவரைக்கும் ஓடினாள்,
நான் நிழல் மாதிரிகூட இல்லை,
நிழலுக்காவது வெயில் நேரம் சொல்லும்.

பேனா மூடிக்காரர் தலையாட்டினார்.

வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்,
டிலுக்சிகாவின் முகம் சிவந்திருந்தது.
"நடுவில ஒரு இடத்தில பிழைச்சிட்டீங்க மிஸ்.
எனக்குக் கேட்டது."
"ஓம்," என்றேன்.
"ஒரு சுரம்."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"பரவாயில்ல மிஸ், அவங்களுக்கு விளங்கியிருக்காது"
என்று என்னை மன்னித்து
தண்ணிப் போத்தலை நீட்டினாள்.
தாகமாகத்தான் இருந்தது. குடித்தேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது
பழைய பாலத்தடியில் ஒரு வெளியூர்ச் சோடி மறித்து
மீன் பாடுவது எந்த நேரம் என்று கேட்டது.
பாடினால் எந்தச் சுருதியில் என்றுதான்
எனக்குக் கேட்க வந்தது.
தெரியாது என்று சொல்லிவிட்டுக் கிறுகினேன்.

இரவு
சோறு ஆறிக்கொண்டிருக்க
அந்த எட்டுக் கட்டத்தை மேசை விளிம்பில் வாசித்துப் பார்த்தேன்.
என் பங்கு மட்டும்.
அதில் கேட்க ஒன்றுமே இல்லை.
அடியில் ஒரு சுரம், மேலே இரண்டு,
அடியில் ஒரு சுரம், மேலே இரண்டு,
கதிரையை இழுத்துப்போட்டுவிட்டு
யாரோ வருவார்கள் என்று நிற்கிற மாதிரி.

நாளைக்கு நாலு பேர்.
முதல் ஆள் எட்டேகாலுக்கு.
குமிழ் எரிகிறதா என்று காவலாளியிடம் கேட்க மறந்துவிட்டேன்.