அகலம்

குடிகாடு டீக்கடையில் முதல் கேள்வி
எப்போதும் இதுதான்:
"எவ்வளவு தூரம் அடிக்கும்?"

தூரம் அடிக்காது என்பேன்.
ஐம்பதடி, மிஞ்சினால் நூறடி.
அதற்கப்பால் இருட்டு
தன்பாட்டுக்கு இருக்கும்.
"அப்புறம் எதுக்கு?" என்றபடி
சபாநாயகம் மாஸ்டர்
கழுவாத டம்ளரில் அடுத்தவருக்கு ஆற்றுகிறார்.

எதுக்கு என்றால்,
முன்பு ஒரு மூணு கட்டை டார்ச் இருந்தது.
எட்டணா காசு அளவுக்கு வெளிச்சம்.
காசுக்குள் விழுந்தது உண்டு
விழாதது இல்லை.
நான் இடறிய கல்லெல்லாம்
காசுக்கு வெளியே கிடந்த கல்.

இது கையடக்கம், ஒரு கொய்யாக்காய்க் கனம்.
முகத்தில் பன்னிரண்டு மஞ்சள் புள்ளி,
பண்ருட்டிச் சுளையின் நிறம்.
அமுக்கினால்
குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டுகிறது.

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ் இறக்கிவிட்ட பிறகு
உப்பனாற்றுக் கரையில் அரை கிலோமீட்டர் நடை.
எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறது:
சீமைக்கருவையில் சிக்கிய யாருடைய பாவாடையோ,
நாய்,
நாயைவிடப் பெரிய அதன் நிழல்,
சேற்றில் வளைகள்,
வளைக்கொரு நண்டு
வாசலில் நின்று
யாரப்பா இந்நேரத்தில் என்கிறது.
இத்தனை வருஷம் என் கண்ணின் ஓரங்களுக்கு
ராத்திரியில் வேலையே இருந்ததில்லை.

குறையும் உண்டு.
முழு வேகம் ஒரு நிமிஷம்தான்.
உடம்பு இட்லிப்பானை மூடியாய்ச் சுடும்,
தானாகப் பாதிக்கு இறங்கிவிடும்.
ஒருநாள் பாக்கெட்டுக்குள் தெரியாமல் அமுங்கி
யூனிபார்மில் ஒரு ஓட்டை.
ஐப்பசியானால் ஊரிலுள்ள ஈசலெல்லாம்
என் காலருக்குள்.

விலையை இன்னும் சொல்லவில்லை.
டீக்கடையில் இரண்டாயிரம் என்றேன்.
வீட்டில் எண்ணூறு.
உண்மை
அட்டைப்பெட்டியில் இருந்தது,
பரண்மேல், பொங்கல் பானைக்குப் பின்னால்.

கார்த்திகையில் புயல்.
அதற்கொரு பெயர் வைத்தார்கள், மறந்துவிட்டது.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
விளக்கைத் தரையில் நிமிர்த்தி வைத்தேன்.
வெளிச்சம் கூரையில் மோதி
அறை முழுக்க இறங்கியது,
நிழலில்லாத ஒரு மத்தியானம்.
எதிர்வீட்டுப் பிள்ளைகள் கணக்குநோட்டோடு வந்தார்கள்.
அமிர்தகடேசன் கேரம் போர்டோடு வந்தார்.
எனக்குப் பெருமை தாங்கவில்லை,
பல்பைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அந்நேரம் பார்த்து சிலிண்டர் தீர்ந்தது.
மண்ணெண்ணெய் ஸ்டவ் பரணில் இருக்கு
என்றாள் கோமளவல்லி.
நான் எழுவதற்குள்
விளக்கோடு ஏணியில் பாதி ஏறிவிட்டாள்.

பழைய டார்ச்
ஸ்டவ்வை மட்டும் காட்டியிருக்கும்.
இது பரணையே காட்டியது.
எலிப்புழுக்கை, தொட்டில் கம்பி,
மூடி தொலைந்த மூன்று டப்பா,
பானை,
பானைக்குப் பின்னால் பெட்டி,
பெட்டியில் ஒட்டிய ரசீது,
ரசீதில் ஆறாயிரத்து நானூற்று ஐம்பது.

ஏணியில் சத்தமில்லை.
வெளியே மழை.
சிவப்புக்காய் குழிக்குள் விழுந்த ஒலி.
ஒரு நிமிஷம் ஆகியிருக்க வேண்டும்,
விளக்கு தானாகப் பாதிக்கு இறங்கியது.
அவள் இறங்கவில்லை.

பிறகு மேலிருந்து குரல் வந்தது:
"எண்ணூறு ரூபாய்க்கு
நல்லாத்தான் எரியுது."

அவ்வளவுதான். சண்டையில்லை.
சண்டை போட்டிருக்கலாம்.

இப்போது விளக்கு அவளிடம்.
நாலரை மணிக்குக் குழாயடிக்குப் போகையில்
தெருவே விடிந்துவிடுகிறதாம்.
புது மிக்ஸி வந்தது,
விலை நான் கேட்கவில்லை.

"எங்கே அந்த லைட்டு?
எவ்வளவு தூரம் அடிக்கும்னு
கடைசி வரை சரியாச் சொல்லலையே."
பரண்வரைக்கும் என்றேன்.
மாஸ்டருக்குப் புரியவில்லை.

கரையில் மறுபடி போன் வெளிச்சம்,
காலடிக்கு மட்டும் ஒரு காசு.
ஆனாலும் மெதுவாகத்தான் நடக்கிறேன்.
காசுக்கு வெளியே இரண்டு பக்கமும்
நண்டுகள் வாசலில் நிற்பது
இப்போது எனக்குத் தெரியும்.