ஆட்டுத்தோலில் எழுதியது

(தெர்சேய்ரா தீவு, 1943)

சோளம் உரித்து முடித்த வாரம்
ஆங்கிரா நகரத்து அதிகாரி வந்தார்.
கோவேறு கழுதையைவிட்டு இறங்காமலே படித்தார்:
ஐந்நூற்று எழுபது ஆண்டுக்கு முன்
லண்டனில் ஒரு தேவாலயத்தில்
நம் ராஜாவின் ஆட்களும் அவர்கள் ராஜாவின் ஆட்களும்
உன் பகை என் பகை என்று
ஆட்டுத்தோலில் எழுதி முத்திரை வைத்தார்களாம்.
ஆகையால், தியோலிந்தா,
உன் புல்வெளி விமானத்துக்கு வேண்டும்.

ஐந்நூற்று எழுபது.
என் வீட்டுக்காரர் எர்மீனியோவுக்குப்
போன தவக்காலத்துக் கடனே ஞாபகமில்லை.
எத்தனை ஆடு, என்றேன்.
அதிகாரிக்கு விளங்கவில்லை.
அத்தனை பெரிய வாக்கை எழுத
எத்தனை ஆட்டை உரித்தார்கள் என்றேன்.
கழுதை மட்டும் என்னைப் பார்த்தது.

மிச்சத்தைப் பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள்.
எழுதியதோடு விடவில்லையாம், பெண்ணும் கொடுத்தார்களாம்.
கொண்டான் கொடுத்தான் உறவு.
கப்பலேறி வந்த அந்தப் பெண்
எட்டுப் பிள்ளை பெற்று இங்கேயே செத்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்:
என் அப்பா வாலிபனாயிருந்த காலத்தில்
அதே சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு கடுதாசி வந்தது,
இன்று மாலைக்குள் ஆப்பிரிக்காவில் விலகி நில், இல்லாவிட்டால் என்று.
லிஸ்பனில் ஒரு சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்களாம்.
ஆட்டுத்தோல் அப்போது எங்கே இருந்தது?
அலமாரியில்தான், என்றாள்.

எங்களுக்கும் குவால்த்தெருக்கும் நடுவே
கருங்கல் சுவர் ஒன்று.
ஒரு சாண் தள்ளிக் கட்டியது யார் என்பதில்
பன்னிரண்டு வருஷம், இரண்டு வழக்கு,
ஒரு மண்டை உடைந்தது.
இங்கிலீஷ்காரன் யந்திரம் ஒரு காலையில்
சுவரையும் சாணையும் சேர்த்து உருட்டியது.
எங்கள் கல், அவன் கல், எல்லாம் ஓடுபாதைக்கு அடியில்.
குவால்த்தெர் வந்து பக்கத்தில் நின்றான்.
எர்மீனியோவிடம் புகையிலை நீட்டினான்.
சண்டை போட ஒன்றும் இல்லாமல் போனதும்
இருவருக்கும் பேசவும் ஒன்றும் இல்லை.

கல்லின் மேல் ஓட்டை ஓட்டையாய் இரும்புத் தகடு விரித்தார்கள்.
ஓட்டைக்கு ஓட்டை புல் முளைத்தது.
பழைய இடம் தேடிப் போன மொரேனா
குளம்பு சிக்கி அலறியது. நாலு சிப்பாய்
கெஞ்சிக் கெஞ்சித் தூக்கினார்கள், அவர்கள் பாஷையில்.
மாட்டுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது.

நாம் யாரோடும் சண்டையில் இல்லை
என்கிறது வானொலி.
வானத்தில் போவது வேறு சொல்கிறது.
நாலு விசிறி சுழல அதிகாலையில் கிளம்பி
கடலுக்கடியில் ஒளிந்த கப்பலைத் தேடிப்போய்
விளக்கேற்றும் நேரம் திரும்பும்.
எண்ணக்கூடாது என்று இருப்பேன்.
எண்ணிவிடுவேன்.

திங்கள்தோறும் அழுக்குத் துணி கொண்டுவருவான்
ஹார்கிரீவ்ஸ் என்று ஒருவன். காது மட்டும் எப்போதும் சிவப்பு.
'ஒப்ரிகாதா' என்பான்,
பெண்பிள்ளை சொல்கிற நன்றி அது.
என் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.
திருத்தவில்லை. சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.
சட்டைக்கு மூன்று எஸ்குதோ, முன்பணம்.

அந்தப் புதன்கிழமை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

அடுத்த திங்கள் யாரும் வரவில்லை.
சட்டையை மடித்துக் காவல் வாசலுக்குப் போனேன்.
காவல்காரன் பட்டியலைப் பார்த்தான்.
அப்படி ஒரு பெயர் இப்போது இல்லை என்றான்.
'இப்போது' என்பதைத் திரும்பச் சொன்னான்.

எர்மீனியோவுக்கு முழங்கை கிழிந்த சட்டை.
இதைக் கேட்டார். தரவில்லை.
காசு வாங்கியாகிவிட்டதே.

பனிமூட்டம் விடாத மாதம் இது,
கொடியில் போட்டால் பூஞ்சை மணக்கிறது.
மறுபடி தோய்க்கிறேன். அடுப்போரம் விரிக்கிறேன்.
இரண்டாவது பொத்தானை மாற்றித் தைத்தேன்,
நிறம் சற்றே வேறு, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது,
ஆட்டுத்தோலும் கையில் இல்லை.
மூன்று எஸ்குதோ வாங்கினேன்.
சட்டை தயார்.
காலரில் மட்டும் இன்னும் ஈரம்.