கீழ் வீடு

கும்மிடிப்பூண்டி வாரியக் குடியிருப்பு,
ஏழாம் பிளாக்.
உருக்காலையில் கால் நசுங்கியவருக்கு
மாடிப்படி பதினெட்டும்
மாலை போடாமல் ஏறும் மலை.

பெஞ்சலம்மாவுக்கோ
மழைக்கு மழை வீட்டுக்குள் சாக்கடை.
"மார்ச்சுக்குந்தாமா?" என்றாள்.
மாற்றிக்கொண்டோம்.

எங்கள் கட்டில் இறங்க, அவள் பீரோ ஏற,
நடுப்படியில் இரண்டும் சிக்கி
இரண்டு மொழியிலும் திட்டு வாங்கின.
ஒதுக்கீட்டு ஆணையில் மட்டும்
அவள் இன்னும் கீழே, நான் மேலே.

இரவு, அடுப்படியில்
என் உச்சந்தலையில் ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.

தெரியும்.
எட்டு வருஷம் அவள் கத்தியும்
நான் சரிசெய்யாத குழாய்.

அண்ணாந்து கூப்பிட
வாய் வரவில்லை.
குண்டான் ஒன்றை எடுத்து வைத்தேன்,
தரையில் அவள் விட்டுப்போன
வட்டக் கறையின் மேலேயே.